வாளின் பாரத்தைத் தோளுக்கு ஏற்றிய பெல்ட்

1858 ஆகஸ்ட் 31. முந்தைய ஆண்டு வெடித்த எழுச்சி அடங்கிக்கொண்டிருந்த நேரம். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ரோகில்கண்ட் பகுதியில், சீர்போராவில் எழுச்சியாளர்களின் பீரங்கி ஒன்றை மடக்கப் பாய்ந்தார் பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி சாம் பிரவுன். ஒரு வாள்வீச்சு அவருடைய இடது கையைத் தோளோடு துண்டித்தது. உயிர் பிழைத்தார், விக்டோரியா சிலுவை விருது பெற்றார், பணியிலும் தொடர்ந்தார். ஆனால் வாளை உருவுவதே பெரும்பாடாகிவிட்டது.

அக்காலக் குதிரைப்படையின் வாள், உருக்கு உறையோடு சேர்த்தால் 2 கிலோவை ஒட்டி வரும். இடுப்பு பெல்ட்டிலிருந்து இரண்டு வார்களில் அது தளர்வாகத் தொங்கும். இடது கை உறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வலது கை உருவ வேண்டும். பிடிக்கக் கை இல்லாவிட்டால் உறையும் வாளின் பின்னாலேயே எழும்பி வரும், ஆடும், திரும்பும்.

பிரவுன் உறையை ஒரு தோல் கூட்டுக்குள் செருகி, பித்தளைக் குமிழால் பூட்டி, இடுப்போடு ஒட்டி நிற்க வைத்தார். பெல்ட்டிலிருந்து தோளுக்கு வார்களும் ஏற்றினார். இதுதான் பின்னாளில் பல நாட்டுப் படைகளுக்கும், நம்மூர் காவல் அதிகாரிகளின் அணிவகுப்பு உடைக்கும் வந்து சேர்ந்த கிராஸ் பெல்ட்.

அந்தத் தோள்வாரின் வேலை அழகானது. வெறும் இடுப்பு பெல்ட்டில் ஒரு பக்கம் மட்டும் எடை தொங்கினால் அந்தப் பக்கம் சரியும். சரியாமல் தாங்குவது உராய்வு ஒன்றுதான், அதற்குப் பெல்ட்டை இறுக்க வேண்டும். குதிரை ஓட ஓட மூச்சு வாங்குகிறவருக்கு அந்த இறுக்கம் பெரிய தொல்லை. தோள்வார் இந்த எடையை எலும்புக்கு மாற்றிவிடுகிறது. வாள் இடப்பக்கம், வார் ஏறுவதோ வலது தோளில். இடது தோளிலேயே ஏற்றினால், சரிவான தோளில் வார் வெளிப்பக்கம் நழுவும். எதிர்த்தோளில் ஏற்றும்போது மார்பிலும் முதுகிலும் இழுவை கழுத்தை நோக்கியே இருப்பதால் வார் உள்ளே அமர்கிறது. அதோடு தோளில் அரைவட்டம் சுற்றி வருவதால் உராய்வு பெருகுகிறது. உராய்வின் வலுவைச் சொல்லும் எண்ணான உராய்வுக் கெழு 0.4 என்று வைத்தால், ஒரு முனையின் இழுவை மறுமுனையைவிட மூன்றரை மடங்கு ஆகும்வரை வார் வழுக்காது. குதிரை குலுங்கும்போது இது பெரிய உதவி.

சரி, தோலுக்கு ஏன் பித்தளை? இரும்பு மலிவு, வலுவும் அதிகம். ஆனால் இத்தகைய பெல்ட்டுகளின் தோல், மரப்பட்டைச் சாற்றில் பதனிடப்பட்டது. பட்டையிலுள்ள டானின், தோலின் கொலாஜன் இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. கான்பூர் பக்கம் கருவேலம்பட்டை, மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்த மதராஸ் தோலை அரசே முன்வந்து வாங்கியது. டானின் உள்ள தோலில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கருப்புக் கறை படியும். டானின் நிறைந்த கடுக்காயும், இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே வினையால்தான். கறையோடு நிற்பதில்லை, இரும்பு இருக்கும் இடத்தில் தோல் இற்றும் போகும். பித்தளை துருப்பிடிக்காது. துத்தநாகம் கலப்பதால் செம்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும், வார்ப்பதும் எளிது.

பித்தளைக்கும் நோய்கள் உண்டு. தோலை மிருதுவாக்கத் தடவும் கொழுப்பு நாளடைவில் அமிலமாகி, செம்போடு சேர்ந்து பச்சை மெழுகு போன்ற களிம்பாகப் பக்கிளைச் சுற்றிப் பிதுங்கும். இன்னொரு நோய் குதிரை லாயத்திலிருந்தே வந்தது. மழைக்காலத்தில் லாயங்களில் அடுக்கிவைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டதை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் கண்டார்கள். குதிரைச் சிறுநீரின் அமோனியா, ஈரத்தோடு கலந்து உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லை வழியே செம்பைக் கரைத்திருந்தது. குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கியதால் உள்ளே தேங்கியிருந்த இழுவிசை, அந்த எல்லைகளைப் பிளந்துவிட்டது. தீர்வு 1920களில் தெளிவானது: செய்து முடித்தபின் மிதமாகச் சூடாக்கி அந்த இழுவிசையைத் தளர்த்திவிட்டால் விரிசல் வராது.

வீட்டில் தாத்தாவின் பழைய கிராஸ் பெல்ட் இருந்தால், பக்கிளைத் தோலோடு வைத்து பாலிஷ் போடாதீர்கள். பல உலோக பாலிஷ்களில் அமோனியா இருக்கும், அது தோலையும் கெடுக்கும். பச்சைக் களிம்பை மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். அப்புறம் எண்ணெயை அள்ளிப் பூச வேண்டாம், அடுத்த களிம்பு அதிலிருந்துதான் வரும்.