படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதுதல்: பேனா எடுக்கும் முன் நடக்க வேண்டியவை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எட்டாம் தரத்து ஆங்கிலக் கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள். படத்தை விவரிக்கச் சொன்ன பக்கத்தில் முதல் வரி பெரும்பாலும் 'திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர்' என்றுதான் இருக்கும். பிறகு 'ஐ கேன் சீ' போட்டு மரம், வீடு, மனிதர், பறவை என்று ஒரு பட்டியல். படம் மாறினாலும் வரி மாறாது. இதற்குச் சொல் பஞ்சத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. படத்தைக் காட்டிய கையோடு எழுதச் சொல்லிவிடுகிறோம், பார்க்க நேரம் விடுவதில்லை. 40 நிமிடப் பாடவேளை இரண்டு கிடைத்தால், முதலாவதில் ஒரு வாக்கியம்கூட எழுதவிட வேண்டாம்.

படத்தைத் தெரிவுசெய்வதிலேயே பாதிக் காரியம் இருக்கிறது. பனி விழும் நகரத்துப் படத்தை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரைப் பிள்ளையிடம் கொடுத்தால், அதற்குத் தமிழிலும் சொல் வராது. வட்டைக்குள், அதாவது வயலுக்குள், நிற்கும் அறுவடை மெசினும் வரம்போரத்து நெல் மூட்டைகளும் என்றால் விஷயம் முழுக்கத் தெரியும், ஆங்கிலச் சொல்லை மட்டும் தேடினால் போதும். மருதமுனைப் பிள்ளைக்குக் கைத்தறிப் படம் அப்படித்தான். மூன்று முதல் ஐந்து பேர் வெவ்வேறு வேலையில் இருக்கும் படம், அருகில் ஒன்று தூரத்தில் ஒன்று என ஆழமுள்ள படம் நல்லது. நாலு பேருக்கு ஒரு ஏ4 தாள் வேண்டும். பலகையில் ஒட்டும் ஒற்றைப் படம் கடைசி வாங்குக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளைப் போட்டோ கொப்பியில் நிறம் போய்விடும். அதை வைத்துக்கொண்டு நிறப் பெயர்களைக் கேட்டால் பிள்ளை ஊகித்துத்தான் எழுதும்.

வாவியில் தோணியில் நின்று ஒருவர் வீச்சுவலை எறியும் படத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு நினைவில் நின்றதைக் கேளுங்கள், தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம். மறுபடி திருப்பியதும் விட்டுப்போனவை தெரியவரும்: வலை காற்றில் வட்டமாக விரிந்திருப்பது, தோணி ஒரு பக்கம் சாய்ந்திருப்பது, பின்னால் கண்டல் மரங்கள், கம்பத்தில் ஒரு நீர்க்காகம்.

அடுத்து, பெரிய தாளின் நடுவில் படத்தை ஒட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஓரத்துக்குக் கோடு இழுத்துச் சொல் எழுத வேண்டும். 15 முதல் 20 சொற்கள் போதும். பெயர்ச்சொற்கள் கொட்டும், வினைச்சொல் இரண்டோ மூன்றோதான் வரும். 'என்ன இருக்கிறது' என்று கேட்டால் அப்படித்தான். 'கை என்ன செய்கிறது, கால் எப்படி ஊன்றியிருக்கிறது, வலை என்ன செய்கிறது' என்று கேளுங்கள். வினைகளைச் சிவப்பில் எழுதவைத்தால் குறை கண்ணுக்கே தெரியும்.

வாக்கியத்துக்கு வரும்போது தமிழ் குறுக்கே நிற்கும். 'எறிந்துகொண்டிருக்கிறார்' நமக்கு ஒரே சொல். அதனால் ஆங்கிலத்தில் 'இஸ்' விடுபட்டு 'மேன் த்ரோயிங் நெட்' ஆகிறது. முதல் தடவை 'எ', அதையே மறுபடி சொல்லும்போது 'த' என்பதை இந்தப் படத்தை வைத்தே பழக்கலாம். அடைமொழிகளை அளவு, பழமை, நிறம், பொருள் என்ற வரிசையில் வைக்கச் சொல்லுங்கள்: 'எ ஸ்மால் ஓல்ட் வுடன் போட்'. ஒரு பெயருக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். சொல்லும் ஒழுங்கும் ஒன்றாகவே இருக்கட்டும், அருகிலிருந்து தூரத்துக்கு அல்லது இடமிருந்து வலத்துக்கு.

எழுதியது சரியா என்று சோதிக்க நல்ல வழி, ஒருவர் வாசிக்க, படத்தைப் பார்க்காத இன்னொருவர் வரைவது. வலையின் வட்டம் தாளில் வராவிட்டால் அது எழுத்திலும் இல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. 'கம்பத்தில் பறவை' என்று நினைத்து 'இன் த போஸ்ட்' என்று எழுதியிருந்தாலும், கேட்பவரும் தமிழில் நினைத்துப் பறவையைக் கம்பத்தின் உச்சியிலேயே வரைந்துவிடுவார். பிழை தப்பிவிடும். ஆகவே ஒரு வாக்கியத்தையாவது, பிள்ளை எழுதியது எழுதியபடியே, ஆசிரியரே பலகையில் வரைந்து காட்ட வேண்டும். கம்பத்துக்குள் அடைபட்ட நீர்க்காகத்தைப் பார்த்து வகுப்பு சிரிக்கும், இங்கே வேண்டியது 'ஆன்' என்பது மனதில் நிற்கும்.

சாதாரண தரப் பரீட்சைக்கென்று மாதிரிப் பந்தி பாடமாக்குவிப்பவர்கள் உண்டு. பரீட்சையில் வரும் படம் அந்தப் பந்திக்கு ஏற்ப வருவதில்லை. திருத்தும்போது பக்கம் முழுவதையும் சிவப்பாக்காமல், அன்று கற்பித்த இரண்டு வகைப் பிழைகளை மட்டும் குறியுங்கள். 'அவர் ஏழை' போன்ற வரிகளை மட்டும் எப்போதும் விசாரியுங்கள். படத்தில் இருப்பது கிழிந்த சட்டை, ஏழ்மை பிள்ளையின் ஊகம். ஊகத்தையும் எழுதலாம், 'லுக்ஸ்' அல்லது 'சீம்ஸ்' சேர்த்து.