பாதிக் கதையை வீட்ல காட்டறதுக்கு முன்னாடி

கதை எழுதறதால வீட்ல பிரச்சனைன்னு சொல்லிக்கிட்டு யாரும் என்கிட்ட கவுன்சிலிங்குக்கு வர்றதில்ல. வேற எதுக்கோ வருவாங்க, எதுக்கெடுத்தாலும் சண்டை, பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு, மாமியார் வீட்டு விஷயம், இப்படி. ரெண்டாவது மூணாவது சிட்டிங்ல பேச்சுவாக்குல வரும், "நான் எழுதினத ஒரு தடவ படிக்கக் குடுத்தேன் மேடம், அன்னைக்கு அவர் சொன்னது இருக்கே"ன்னு ஆரம்பிச்சு அங்கயே நிறுத்திடுவாங்க. பிரதிலிபி, கிண்டில்னு நாமளே கதை போடற ஆப்பெல்லாம் வந்தப்புறம் எழுதறவங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க, அதுவும் ராத்திரி பாத்திரம் கழுவி வச்சிட்டு எல்லாரும் தூங்கினப்புறம் போன்லயே டைப் பண்ணி தொடர்கதை எழுதற பொண்ணுங்க நெறைய. அவங்களுக்கு மொத வாசகர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான், ஆம்பளைங்க எழுதினா வீட்டம்மா. அதான் இதப்பத்தி கொஞ்சம் விரிவா எழுதறேன். கீழ வர்ற கேஸ் எல்லாம் ஆள் அடையாளம் தெரியாதபடி ரெண்டு மூணு பேரோட கதைய கலந்து மாத்திதான் சொல்லியிருக்கேன்.

நான் பாத்த வரைக்கும் இந்தச் சண்டைகள்ல முக்காவாசி கதை நல்லாருக்கா இல்லையாங்கறதப் பத்தினதே கிடையாது. என்ன வேணும்னு சொல்லாம குடுக்கறாங்க, அதுதான் ஆரம்பம். "சும்மா படிச்சிப் பாரேன், எப்படி இருக்குன்னு சொல்லு"ன்னு போன நீட்டுவாங்க. எழுதினவங்களுக்கு மனசுக்குள்ள வேணுங்கறது "நீ எழுதற ஆளுதான், விட்றாத"ங்கற ஒரு வார்த்தை. படிக்கிற மனுஷன் பாவம், ஸ்கூல்ல பேப்பர் திருத்தற மாதிரி நெனச்சுக்கிட்டு ரெண்டாவது பாராலயே ஒற்றுப்பிழைய காட்டுவார். இல்லன்னா "சூப்பர்"ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிட்டு கிரிக்கெட் ஸ்கோர் பாக்கப் போயிடுவார். ரெண்டுக்கும் மூஞ்சி தூக்கி வச்சிக்கிட்டா அவர் என்னதான் பண்ணுவார்?

எழுத்தாளர்கள் பேசிக்கிற ஒரு பழைய கதை இருக்கு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1885ல இங்கிலாந்துல போர்ன்மவுத்ல இருந்தப்போ, ஒரே ஆளுக்குள்ள நல்லவனும் கெட்டவனும் இருக்கற ஜெக்கில், ஹைட் கதைய எழுதி மொத டிராஃப்ட்ட வீட்ல காட்டினாரு, மனைவி ஃபேனி ஒத்துக்கல, நீ இத வெறும் கதையா எழுதிட்ட, இதுக்குள்ள இருக்கற உருவகத்த விட்டுட்டன்னாங்க, டிராஃப்ட் நெருப்புக்குப் போச்சு, மறுபடி மொதல்லேர்ந்து எழுதினாரு, 1886 ஜனவரில வெளிவந்து பிச்சிக்கிட்டுப் போச்சு. இத ஆளுக்கொரு மாதிரி சொல்வாங்க. சிலர் "பாத்தியா, பொண்டாட்டி உண்மைய சொன்னாதான் நல்ல கதை வரும்"பாங்க, சிலர் ஃபேனி எழுதின ஒரு லெட்டர் 2000ல வெளிய வந்தத வச்சிக்கிட்டு அந்தம்மாவே எரிச்சிட்டாங்கன்னு சொல்வாங்க. எனக்கு இதுல முக்கியமாப் படறது யாருமே கண்டுக்காத ஒரு சின்ன விஷயம். ஸ்டீவன்சனோட வாழ்க்கை வரலாற்ற எழுதின கிரகாம் பால்ஃபர், அந்த வீட்ல அப்போ வழக்கமே அப்படித்தான், ஃபேனி தன்னோட விமர்சனத்த விரிவா எழுத்துலயே எழுதிக் குடுப்பாங்கன்னு பதிவு பண்ணியிருக்காரு. அதாவது ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வழிமுறை ஏற்கனவே இருந்திருக்கு. சாப்பாடு பரிமாறிக்கிட்டே போற போக்குல சொன்ன கமெண்ட் இல்ல அது. அப்படி இருந்தும் வீட்ல பெரிய வாக்குவாதம் நடந்துச்சாம். நம்ம வீட்ல எந்த வழிமுறையும் இல்லாம குடுத்தா என்ன ஆகும்னு நெனச்சிப் பாருங்க.

அடுத்தது, கூடவே வாழற ஆளுக்கு ஒரு பெரிய கஷ்டம் இருக்கு, அத அவங்களே உணர்றதில்ல. அவங்களுக்கு உங்களப்பத்தி ரொம்பத் தெரியும். நீங்க "தாத்தா வீட்டுத் திண்ணை"ன்னு ரெண்டு வார்த்தை எழுதினாப் போதும், உங்க வீட்டம்மாவுக்கு அந்த ஊரு, அந்தத் தெரு, அந்தத் தாத்தாவோட இருமல் வரைக்கும் கண்ணு முன்னாடி வந்துடும், ஏன்னா கல்யாணமானதுலேர்ந்து நீங்க அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கீங்க. கண்ணு கலங்கி "ரொம்ப நல்லாருக்குங்க"ன்னு சொல்றது நிஜம்தான், பொய்யில்ல. ஆனா கதைய மத்தவங்க படிச்சா அங்க வெறும் திண்ணைதான் இருக்கும். எழுதாம விட்ட எடத்த எல்லாம் அவங்க மனசே நிரப்பிடுது, அதனால எது விட்டுப்போச்சுன்னு அவங்களால சொல்ல முடியாது. அவங்க ரசனைய இதுக்குக் குறை சொல்லாதீங்க.

இதவிடப் பெரிய சிக்கல் "இது நான்தானே?"

ஐடில வேலை பாக்கறவர் ஒருத்தர், நாவல் எழுதறார், நாயகனுக்கு கூட வேலை பாக்கற மாலதி மேல ஒரு இது. மூணு அத்தியாயம் முடிச்சதும் வீட்டம்மாகிட்ட குடுத்தார். அவங்க படிச்சிட்டு எதுவும் சொல்லல, ராத்திரி சாப்பிடறப்போ "மாலதி யாரு?"ன்னாங்க. கற்பனைன்னார். அடுத்த நாள் போன் காண்டாக்ட்ஸ்ல தேடல் நடந்திருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த நாவல் பின்னாடி போகப்போக அந்த ஆளோட அசட்டுத்தனத்தத்தான் தோலுரிக்குதாம், ஆனா அது இன்னும் எழுதப்படவே இல்ல, அது அவர் தலைக்குள்ளதான் இருக்கு! வீட்டம்மா கையில இருக்கறது ஒரு கல்யாணமான ஆளு ஆபீஸ் பொண்ண வர்ணிக்கிற மூணு அத்தியாயம். அவங்க கேட்டதுல என்ன தப்பு?

பாதிக் கதைல இந்த ஆபத்து எப்பவுமே உண்டு. மொத டிராஃப்ட் எழுதறப்போ கைக்கு எது கிடைக்குதோ அதத்தான் எடுப்போம், மாமியார் டம்ளர ணங்குன்னு வைக்கிற விதம், நாத்தனார் பேசறப்போ வர்ற இழுப்பு, வீட்டுக்காரர் கோவம் வந்தா செருப்பத் தேடற பழக்கம், எல்லாம் அப்படியே வந்து உக்காந்திருக்கும். திருத்தி எழுத எழுதத்தான் அதெல்லாம் கலைஞ்சு, வேற ஆளோட சேந்து, ஒரு பாத்திரமா ஆகும். வில்லியா ஆரம்பிச்ச மாமியாருக்கு ஒரு பழைய வலி இருக்குன்னு எழுதறவங்களுக்கே நாலாவது தடவ எழுதறப்போதான் தெரியவரும். அப்போ வீட்டாளுங்கள அப்பட்டமா அடையாளம் காட்டறதும், அவங்கள நியாயமாக் காட்டாததும் எந்த டிராஃப்ட்டுன்னா மொத டிராஃப்ட்தான். அதத்தான் நாம கொண்டுபோய் அவங்க கையிலயே குடுக்கறோம்.

இதுக்கு நான் சொல்றது, குடுக்கறதுக்கு முன்னாடியே வாயால சொல்லிடுங்க. "இதுல உங்கம்மா சொல்ற ரெண்டு வார்த்தைய எடுத்திருக்கேன், ஆளு அவங்க இல்ல, போகப்போக மாறும், இப்போ படிச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கலாம்". எல்லாமே கற்பனைன்னு மட்டும் சாதிக்காதீங்க, படிக்கிறவங்க முட்டாள் இல்ல, அந்தப் பொய்தான் கதைய விட அதிகமா சுடும். அதே மாதிரி எத எழுதக்கூடாதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கறது நல்லது, பிள்ளைங்க விஷயம், படுக்கையறை, ஒருத்தரோட மெடிக்கல் ரிப்போர்ட், தங்கச்சியோட டைவர்ஸ் மாதிரி.

வீட்டு வாழ்க்கை யாருக்குச் சொந்தம்ங்கற சண்டை புதுசும் இல்ல. 1932ல ஜெல்டா ஃபிட்ஸ்ஜெரால்ட் பால்டிமோர்ல மனநல சிகிச்சைல இருந்தப்போ ஒரு நாவல் எழுதி, புருஷன், அமெரிக்க நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டுகிட்ட காட்டாம நேரா அவரோட எடிட்டருக்கே அனுப்பிட்டாங்க. ஸ்காட்டுக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல, அந்தச் சம்பவங்கள் எல்லாம் தன்னோட நாவலுக்கு வச்சிருந்ததுன்னு சொல்லித் திருத்த வச்சாரு. அதுக்கு முன்னாடி ஜெல்டாவோட டைரிலேர்ந்தும் லெட்டர்லேர்ந்தும் எடுத்து தன் கதைகள்ல போட்டவரு அவரேதான். எனக்கு இந்த விஷயத்துல ஸ்காட் மேல துளிகூட இரக்கம் வரல.

இப்போ சொல்லப்போறது கொஞ்சம் கனமானது. சில சமயம் கதைன்னு குடுக்கறது கதையா இருக்காது. சின்ன வயசுல உறவுக்காரர் ஒருத்தர் தப்பா நடந்துக்கிட்டத இத்தனை வருஷம் வாய் திறந்து சொல்லாத பொண்ணு, அத வேற பேரு வச்சி, வேற ஊரு வச்சி, கதையா எழுதி புருஷன் கையில குடுப்பாங்க. அவர் படிச்சிட்டு "நடுவுல கொஞ்சம் இழுவையா இருக்கு, முடிவு பத்தல"ன்னு சொல்லிட்டார்னா அங்க ஒரு கதவு சாத்திடும், திரும்பத் திறக்க வருஷக்கணக்காகும். அதனால படிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், கதைல வலியான ஒரு எடம் வந்து, அதுல எழுதினவங்க குரல் உங்களுக்கு நெருக்கமாக் கேட்டா, கருத்து சொல்லாதீங்க. "இத எழுதறது உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?"ன்னு மட்டும் கேளுங்க. அவங்க பேசினா கேட்டுக்குங்க, பேசலன்னா நோண்டாதீங்க. சாகறதப்பத்தியே திரும்பத் திரும்ப எழுதறாங்க, கூடவே தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் மாறியிருக்குன்னா, உயிர விடணும்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம், கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது. அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

சரி, எப்படித்தான் கேக்கறது? லிஸ் லெர்மன்னு ஒரு அமெரிக்க நடனக் கலைஞர், இன்னும் முடிக்காத படைப்புக்கு கருத்து சொல்ல 1990 வாக்குல ஒரு வழிமுறைய உருவாக்கினாங்க. அதுல எனக்குப் பிடிச்சது, சொந்த அபிப்பிராயம் கடைசியாத்தான் வரும், அதுவும் "இந்த எடத்தப்பத்தி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?"ன்னு அனுமதி கேட்டுட்டுதான். எழுதினவங்க வேணாம்னு சொல்லலாம். அதுக்கு முன்னாடி, எது மனசுல நின்னுச்சுன்னு படிச்சவங்க சொல்லணும், எழுதினவங்க தனக்கு இருக்கற சந்தேகத்தக் கேக்கணும். வீட்ல இத முழுசா பண்ணத் தேவையில்ல. "எங்க போர் அடிச்சி போன கீழ வச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க"ன்னு ஒரே ஒரு கேள்வியோட குடுத்தாலே போதும், சண்டை பாதி குறையும். பாராட்டு வேணும்னா அதையும் வெக்கப்படாமக் கேட்டுடுங்க, "இன்னைக்கு திட்டாதீங்க, தெம்பு வேணும், அதுக்குத்தான் காட்டறேன்"ன்னு.

எழுதறவங்க பக்கமே பேசிக்கிட்டிருக்கேன். எதிர்பக்கமும் இருக்கு. எழுதற நேரம் வீட்டு நேரத்துலேர்ந்துதான் போகுது, யாரோ ஒருத்தர் பையன ஹோம்வொர்க் பண்ண வச்சாதான் இன்னொருத்தர் அத்தியாயம் முடிக்க முடியும். அந்த மனத்தாங்கல் பேசப்படாமயே இருந்தா, அது "கதைல லாஜிக் இடிக்குது"ங்கற ரூபத்துல வெளிய வரும். நான் பாத்த சில வீடுகள்ல கதைமேல வந்த விமர்சனம் உண்மைல ஞாயித்துக்கிழமை மேல வந்த விமர்சனம். அதத் தனியா பேசித் தீத்துக்கணும், டிராஃப்ட்ட நடுவுல போட்டுக்கிட்டு இல்ல.

ஒண்ணு மட்டும் பிரிச்சிப் பாருங்க. கேக்காமயே போன எடுத்துப் படிக்கிறது, சொந்தக்காரங்க முன்னாடி வாசிச்சுக் காட்டிக் கேலி பண்றது, எழுதினத டெலீட் பண்றது, "இனிமே எழுதினா பாரு"ன்னு மெரட்டறது, இதெல்லாம் ஃபீட்பேக் கணக்குல வராது. உங்களக் கட்டுப்படுத்தற வேலை அது. அங்க எப்படிக் கேட்டா நல்லா சொல்வார்னு யோசிச்சு பிரயோஜனம் இல்ல, டிராஃப்ட்ட அவர் கைக்கு எட்டாத எடத்துல ஒரு காப்பி வச்சிக்கிட்டு வெளிய யார்கிட்டயாவது பேசுங்க. பெண்களுக்கு 181ங்கற உதவி எண் இருக்கு.

மத்தபடி, வீட்டுக்காரருக்கு கதை படிக்கவே பிடிக்கலன்னா கட்டாயப்படுத்தாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா அவருக்கு முழுக் கதையும் குடுக்கறதையே நிறுத்திட்டாங்க. கதைக்குக் கருத்து ரெண்டு தோழிகள் சொல்றாங்க. அவர் ரயில்வேல இருக்கறவர், அதனால ஸ்டேஷன், டிரெயின் வர்ற பக்கங்கள மட்டும் பிரிச்சி அவருக்கு அனுப்பறாங்க, அவர் குடும்பத்தத் தொடற எடம் இருந்தா பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி அதையும் காட்டிடறாங்க. கதையே பிடிக்காத மனுஷன், கார்டு கொடி காட்டற சீன் தப்புன்னு ஒன்றரைப் பக்கத்துக்கு வாட்ஸ்அப்ல பதில் எழுதியிருக்கார்.