பங்கரில் காப்பாற்றிய அதிர்ஷ்டம் லொத்தரிலும் வருமா?

நித்திரை வருவதில்லை என்று சொல்லித்தான் அந்த ஐயா உளவளத்துணையாளரான என்னிடம் வந்தார். ஐம்பது வயது தாண்டியவர், கூலி வேலை, கொஞ்சம் வயல். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்றாம் முறை வந்தபோது சட்டைப் பையிலிருந்து ரப்பர் பட்டி போட்ட ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அத்தனையும் விழாத லொத்தர்ச் சீட்டுகள். "எறிய மனம் வரேல்லை பிள்ளை" என்றார்.

நாளுக்கு மூன்று சீட்டு, ஒன்று 40 ரூபா. மாதம் 3,600 ரூபா. நுண்கடனுக்குக் கிழமைக் காசு கட்ட மனைவி எடுத்து வைத்திருந்ததும் இதற்குள் போயிருந்தது. தோடு அடகில்.

விழும் என்று ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்டேன். அவர் போரின் கடைசி நாட்களில் முல்லைத்தீவு மாத்தளனில் நடந்ததைச் சொன்னார். 2009இல் தண்ணீர் எடுக்கப் பங்கரை (பதுங்குகுழியை) விட்டு வெளியே போயிருக்கிறார். திரும்பி வரும்போது அதன்மேல் செல் (எறிகணை) விழுந்திருந்தது. உள்ளே அண்ணன். "அண்டைக்கு என்னைக் காப்பாத்தினது சும்மாவா? எனக்கெண்டு ஒண்டு வச்சிருக்குது பிள்ளை."

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உளவளத்துணைப் பணியில் இதே சொல்லை வேறு வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். லொத்தர் எடுப்பவரைப் பேராசைக்காரர் என்று ஊர் ஏசிவிடுகிறது. அது எனக்குக் கோபம் தரும். நாலடி தள்ளி நின்றதால் உயிர் தப்பிய மனிதருக்கு அதிர்ஷ்டம் என்பது தன்னைத் தெரிந்த ஒரு ஆள் மாதிரி ஆகிவிடுகிறது. ஒருமுறை வந்தது, இன்னொரு முறையும் வரும் என்று காத்திருக்கிறார்.

சரி, கணக்கையும் பார்ப்போம். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் வரிசையாகப் பொருந்தினால்தான் பெரிய பரிசு என்று வையுங்கள். எழுத்து 26, எண்கள் 10 லட்சம். பெருக்கினால் 2 கோடி 60 லட்சம். இலங்கையில் பிறந்த குழந்தை வரை ஆளுக்கொரு சீட்டாகக் கொடுத்தாலும் சீட்டு மிஞ்சும். நாளுக்கு ஒன்றாக அத்தனையையும் எடுத்து முடிக்க 71,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.

"ஒரு இலக்கத்தால தப்பிட்டுது" என்பார்கள். 7 வர வேண்டிய இடத்தில் 8 வந்துவிட்டதாம். குலுக்கும் பந்துக்கு 7உம் 8உம் பக்கத்து வீடு என்று தெரியாது. ஆனால் எங்கள் மூளை அந்தத் தோல்வியை ஏறக்குறைய வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறது என்று மூளைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் அடுத்த சீட்டுக்குக் கை போகிறது. சின்னப் பரிசு விழுந்தாலும் அந்தக் காசு வீட்டுக்கு வருவதில்லை, அதே இடத்தில் இன்னொரு சீட்டாகிறது.

"இவ்வளவு நாள் விழேல்லை, இனி விழத்தானே வேணும்" என்பது இன்னொன்று. 1913இல் மொண்டே கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து வந்தது. இனிச் சிவப்புத்தான் என்று கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். முந்தின சுற்று சக்கரத்துக்கு நினைவில் இல்லை. ராசியின் பேரிலேயே லக்ன வாசனாவ என்று ஒரு சீட்டு விற்கிறார்கள். உங்கள் ராசிக்கு இன்று நல்ல நாள் என்பதும் சீட்டுக் குலுக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது.

விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. போரில் காலை இழந்தவர்களும் சீட்டு விற்றுப் பிழைக்கிறார்கள். எப்போதாவது ஒரு சீட்டு எடுப்பவரைப் பற்றியும் பயமில்லை. வீட்டுக்குத் தெரியாமல் காசு எடுப்பது, விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்குவது, எடுக்காத நாளில் எரிச்சல் படுவது என்று வந்தால் அது நோய். உலக சுகாதார நிறுவனம் சூதாட்ட நோயை மதுவுக்கு அடிமையாவதோடு ஒரே பகுதியில்தான் வைத்திருக்கிறது. கைபேசியில் பந்தயம் கட்டும் பிள்ளைகளுக்குக் குலுக்கல் வரை காத்திருக்கவும் தேவையில்லை, காசு இன்னும் வேகமாகப் போகும். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

அந்த ஐயாவிடம் 71,000 ஆண்டுக் கணக்கைச் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான். அடுத்த முறை மாத்தளனைப் பற்றித் திரும்பப் பேசினோம். "செல்லுக்கு ஆள் தெரியாது ஐயா. உங்களைப் பார்த்து விடவும் இல்லை, அண்ணனைப் பார்த்து எடுக்கவும் இல்லை" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

"அண்டைக்குத் தண்ணிக்குப் போக வேண்டிய முறை அண்ணன்ர. நான்தான் போறன் எண்டு வாளியை வாங்கினனான். அப்ப அது என்ர பிழை இல்லையோ?"

நித்திரை வராததன் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. இப்போது கிழமைக்கு ஒரு சீட்டு எடுக்கிறார், காசு மனைவியின் கையில் இருக்கிறது. அந்தச் சீட்டுக் கட்டை அவர் இன்னும் எறியவில்லை, நானும் எறியச் சொல்லவில்லை.