கோப்பு மேலாளர் என்பவர் யார்?

கைபேசியில் படமும் பாட்டும் பிடிஎஃப்பும் எங்கே கிடக்கின்றன என்று காட்டி, படியெடுக்கவும் இடம் மாற்றவும் அழிக்கவும் உதவுகிற செயலியை ஆங்கிலத்தில் ஃபைல் மேனேஜர் என்கிறார்கள். தமிழில் அது ‘கோப்பு மேலாளர்’ ஆகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் கடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் வங்கி மேலாளர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

முதல் பாதியில் குறை இல்லை. ஃபைல் என்பது நூலைக் குறிக்கும் ‘ஃபீலும்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. காகிதங்களை நூலில் கோத்து வைத்தார்கள். நம் கோப்பும் ‘கோ’ என்னும் வினையில் பிறந்ததே. அதற்கு உறை சேர்ந்தால் கோப்புறை, அதாவது ஃபோல்டர். அழகான ஆக்கங்கள்.

சிக்கல் ‘ஆளர்’ விகுதியில் இருக்கிறது. எழுத்தாளர், பேச்சாளர், பொருளாளர் எல்லாரும் மனிதர்கள், உயர்திணை. செயலியோ அஃறிணை. அது உறைந்துபோனால் என்ன எழுதுவது? ‘கோப்பு மேலாளர் நின்றுவிட்டார்’ என்றால் சிரிப்பு வரும், ‘நின்றுவிட்டது’ என்றால் திணை வழு. ஆங்கிலத்திலும் மேனேஜர் ஆள்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆள்தான், ஆனால் ஆங்கில வினைமுற்றில் திணை தெரியாது. ஒரே வினை இரு திணைக்கும் பொருந்திவிடும். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘நிர்வாகி’ என்று மாற்றுவதும் பயனில்லை, அவர் சங்கத்து ஆள். ‘கோப்பாளி’ என்றாலும் தொழிலாளி, கூட்டாளி வரிசையில்தான் போய் நிற்கும்.

ஆங்கிலக்காரர்களே மேனேஜரைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 1984இல் ஆப்பிளின் மேகின்டோஷ் கணினி இதை ஃபைண்டர் என்றது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் ஃபைல் மேனேஜர் இருந்தது. விண்டோஸ் 95இல் அது எக்ஸ்ப்ளோரர் ஆனது. இன்று ஐஃபோனில் வெறும் ஃபைல்ஸ்தான். நாம்தான் விடவில்லை.

என் தேர்வு ‘கோப்பு உலாவி’. பிரவுசரைக் குறிக்கும் உலாவி என்ற சொல் இணையத்தால் ஏற்கெனவே பழகிவிட்டது, அஃறிணையாகவே பழகிவிட்டது. உறை உறையாகப் போய்ப் பார்ப்பதுதானே இங்கும் நடக்கிறது? உலாவுவது மட்டுமா, அழிக்கவும் செய்கிறதே என்பார்கள். சரி, இணைய உலாவியும் பதிவிறக்குகிறது, கடவுச்சொல்லை நினைவில் வைக்கிறது; அங்கே யாரும் சண்டைக்கு வரவில்லை. ‘கோப்பு மேலாண்மைச் செயலி’ பிழையற்றதுதான். கட்டுரைக்கு ஆகும், சின்னத்தின் கீழே பாதியில் வெட்டுப்படும். அங்கே ‘கோப்புகள்’ என்று போட்டாலே போதும்.

பெரும்பாலும் இப்படி ஆவதற்குக் காரணம், சொற்களைத் தனித்தனியாகப் பட்டியலில் வாங்கி, எந்தத் திரையில் வரும் என்று பாராமலே பெயர்த்துத் தள்ளுவது. அதே செயலிக்குள் போய் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், ‘நகர்’ என்று ஒரு பொத்தான் வரும். நகர் என்றால் ஊர், இல்லையென்றால் ‘நீ தள்ளிப் போ’. கோப்பை இடம் மாற்ற வேண்டுமென்றால் அது ‘நகர்த்து’. தன்வினை, பிறவினை பள்ளிப் பாடம்.