பேட்டை: வண்டி நின்ற இடம் ஊரான கதை

பெங்களூர் அல்சூரில் என் பாட்டி "பேட்டைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினால், சிக்பேட்டை பக்கம் போகிறார் என்று அர்த்தம். நாங்கள் இருந்த பக்கத்துக்குப் பெயர் தண்டு, அதாவது வெள்ளைக்காரன் படை தங்கிய கன்டோன்மென்ட். பழைய பெங்களூர்த் தமிழர்களுக்கு ஊரே இந்த இரண்டு சொல்தான். இதில் பேட்டை என்பது என்ன, அதற்கு ஈடாக வேறு தமிழ்ச் சொல் உண்டா என்று பார்ப்போம்.

பேட்டை என்றால் சரக்கு வந்து இறங்கி விற்பனையாகும் இடம், அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பு. வண்டிப்பேட்டை, லாரிப்பேட்டை என்னும்போது முதல் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வண்டி நின்றது, மாட்டுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, மூட்டையை வைக்கக் கொட்டகை போட்டார்கள், அப்புறம் வீடு, கோயில். பல சிற்றூர்கள் இப்படித்தான் பிறந்தன. சில பேட்டைகளைத் திட்டமிட்டும் நட்டிருக்கிறார்கள். சென்னையில் 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றிய சின்னத் தறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை.

பெங்களூரும் அப்படித் திட்டமிட்டு எழுந்ததுதான். 1537இல் சிற்றரசர் கெம்பே கவுடா மண்கோட்டை கட்டிப் பேட்டையை அமைத்தார். இன்றைய அவென்யூ ரோடும் சிக்பேட்டைத் தெருவும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஏர் பூட்டி நான்கு திசைக்கும் உழவிட்டார் என்பது ஊர்க்கதை. நாள் முச்சூடும் நெரிசலான அந்த நாற்சந்தியில் நின்று பெயர்களைப் படித்துப் பாருங்கள். கன்னடத்தில் சிக் என்றால் சின்ன, தொட்ட என்றால் பெரிய. அக்கிப்பேட்டை அரிசிக்கு, பளேபேட்டை வளையலுக்கு, கும்பாரப்பேட்டை குயவருக்கு, காணிகரப்பேட்டை செக்காட்டுவோருக்கு. பளேபேட்டையில் இன்று வீணையும் மிருதங்கமும் தொங்கும் கடைகளைப் பார்க்கலாம். தொழில் மாறினாலும் பெயர் மாறவில்லை. யாருக்காக இந்தத் தெரு உண்டானது என்பதை, எழுதி வைக்க ஆள் இல்லாதபோதும் ஒரு சொல் காத்து வைத்திருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, பேட்டைக்கு ஈடாக வேறு நல்ல தமிழ்ச் சொல் என்ன? சந்தை என்று சிலர் எழுதுகிறார்கள், அது பொருந்தாது. சந்தை கூடும், கலையும். பேட்டை கலைவதில்லை. அங்காடி பழைய சொல்தான். சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில் நாளங்காடி இருக்கிறது. ஆனால் அது ஊருக்குள் உள்ள கடைவெளி, ஊர் அல்ல. சோழர் கல்வெட்டுகளில் வணிகர் ஊருக்கும் அவர்கள் சபைக்கும் நகரம் என்று பெயர். பொருள் மிக நெருக்கம். ஆனால் இன்று நகரம் என்றால் படிப்பவர் மனதில் மாநகராட்சிதான் வரும். நகரத்பேட்டை என்ற பெயரில் மட்டும் அந்தப் பழைய வணிகப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே நகரத்தர் என்றால் வணிகச் சமூகத்தார்.

என் தேர்வு பட்டணம். பட்டினம் கடற்கரை ஊருக்கு, பட்டணம் உள்நாட்டு வணிக ஊருக்கும் பொருந்தும். இதற்குச் சாட்சி பெங்களூரிலேயே இருக்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கிறது. தேசி என்றால் ஊர் ஊராகப் போய் வாணிகம் செய்தவர்கள். கெம்பே கவுடாவுக்குச் சுமார் இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மண்ணில் வணிகருக்கென ஒரு பட்டணம் இருந்திருக்கிறது!

அதற்காகப் பேட்டையை ஒதுக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் பேட்ட, தமிழில் பேட்டை என மூன்று வீட்டுக்கும் பொதுவான சொல் அது. தொழிற்பேட்டை என்று புதுச்சொல் ஆக்கியபோதும் அது இயல்பாக உட்கார்ந்தது. பழைய வணிக ஊரைப் பொதுவாகச் சொல்லும்போது பட்டணம் என்று எழுதலாம். ஊரின் பெயராக வந்தால் சிக்பேட்டை, அக்கிப்பேட்டை என்று அப்படியே எழுதுவதுதான் சரி.