ரோஸ்டர்னா என்ன? "உனக்கு டர்ன் வரல"ன்னா என்ன அர்த்தம்?

போன வாரம் சித்தி பொண்ணு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தா. அங்கன்வாடி வேலைக்கு அப்ளிகேஷன் குடுக்கப் போயிருக்கா, அங்க இருந்தவங்க நோட்டீஸ் போர்டை கைகாட்டி "இந்த மையம் இந்த தடவை எஸ்சி டர்ன்மா, ரோஸ்டர்ல உனக்கு வரல"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். இவ பிசி. "அண்ணே எங்களுக்குத்தான் 26.5 பர்சென்ட் இருக்கே, அப்புறம் எப்படி இல்லம்பாங்க, ரோஸ்டர்னா என்ன, அதை யாரு போடுறது"ன்னு ஒரே மூச்சுல கேட்டுட்டு வச்சுட்டா.

கேள்வி நியாயமானதுதான். இடஒதுக்கீடுங்கற வார்த்தை எல்லாருக்கும் தெரியும், டீக்கடையில சண்டையே அதை வச்சுத்தான் நடக்கும். ஆனா அந்த பர்சென்ட்டை எடுத்து "இந்த நாற்காலியில இவங்க"ன்னு மாத்திக் குடுக்கற கருவி ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேருதான் ரோஸ்டர். ஒதுக்கீடு எத்தனைன்னு சொல்லும், ரோஸ்டர் அடுத்தது யாருன்னு சொல்லும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சா என் தங்கச்சி மாதிரிதான் முழிக்கணும்.

முதல்ல வார்த்தையோட பூர்வீகம். இங்கிலீஷ்ல இருந்து வந்ததுன்னு நெனப்போம், ஆனா இங்கிலீஷ்காரனே அதை டச்சுக்காரன்கிட்ட இருந்து வாங்கினான், 18-ஆம் நூற்றாண்டுல. டச்சுல அந்தச் சொல்லுக்கு மொத அர்த்தம் கறி வாட்டுற இரும்புக் கம்பி அடுக்கு. அடுப்பு மேல வைப்பாங்கள்ல, கம்பி கம்பியா, அதே. பேப்பர்ல வரிசையா கோடு போட்டு பேரு எழுதினா பாக்க அந்தக் கம்பி மாதிரியே இருக்குன்னு கோடு போட்ட பட்டியலுக்கும் அதே பேரு வந்துருச்சு. ராணுவத்துல யாரு எப்ப காவலுக்கு நிக்கணும்னு எழுதி வச்ச பட்டியல்தான் இங்கிலீஷ்ல இதோட மொத வேலை. அதாவது நம்ம ஓட்டல்ல சொல்ற நெய் ரோஸ்ட்டும் இந்த ரோஸ்டரும் ஒரே குடும்பம், நம்பலன்னாலும் அதுதான் உண்மை. சேவலுக்கு இங்கிலீஷ்ல சொல்ற ரூஸ்டர் வேற, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இன்னொண்ணு, லண்டன்காரன் இதை "ராஸ்டர்"னுதான் சொல்லுவான், நாம ஓகாரத்தை நீட்டி "ரோஸ்டர்"னு சொல்றது டச்சு உச்சரிப்புக்கு இன்னும் கிட்ட இருக்கு, தெரியாமலே சரியா சொல்லிட்டு இருக்கோம்.

நர்ஸுங்களுக்கு டியூட்டி ரோஸ்டர், ஐடி கம்பெனியில ஷிஃப்ட் ரோஸ்டர், இதெல்லாம் அந்தப் பழைய ராணுவ அர்த்தத்தோட நேர் வாரிசு. நம்ம பேச்சு அரசு வேலை ரோஸ்டர் பத்தி.

மெட்ராஸ் மாகாணத்துல இதுக்கு நூறு வருஷக் கதை இருக்கு. 1921-ல நீதிக்கட்சி ஆட்சியில முதல் கம்யூனல் ஜி.ஓ., அதாவது வகுப்புவாரி அரசாணை, வந்துச்சு, அரசு வேலை ஒரே சமூகத்துக்குள்ள சுத்திட்டு இருக்கக் கூடாதுன்னு. ஆனா கணக்கு கறாரா வந்தது 1927-28-ல, சுப்பராயன் அமைச்சரவை காலத்துல. அமைச்சர் முத்தையா முதலியார் பேரைச் சொல்லித்தான் இன்னைக்கும் அதைப் பேசுவாங்க. 12 வேலை காலின்னா பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேந்து 2, தாழ்த்தப்பட்டவங்களுக்கு 1. இதுல கவனிங்க, பர்சென்ட்டே கெடையாது. பன்னெண்டு நாற்காலி, எது யாருக்குன்னு பங்கு, அவ்ளோதான். 1947-ல ஓமந்தூரார் ஆட்சியில அது 14 ஆச்சு, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள்னு தனியா 2 இடம் பிரிச்சாங்க, ஹரிஜன்களுக்கு 1 இருந்தது 2 ஆச்சு.

அப்புறம் கோர்ட்டு. செண்பகம் துரைராஜன் வழக்குன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, அது காலேஜ் சீட்டு பத்தினது. அதே நாள், 1951 ஏப்ரல் 9, வேலை பத்தின இன்னொரு வழக்குலயும் தீர்ப்பு வந்துச்சு, வெங்கடரமணா வழக்குன்னு பேரு, அதை யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல. மாவட்ட முன்சீப் வேலை 83. அதை ஹரிஜன் 19, முஸ்லிம் 5, கிறிஸ்தவர் 6, பிற்படுத்தப்பட்ட இந்து 10, பிராமணர் அல்லாத இந்து 32, பிராமணர் 11-ன்னு பிரிச்சிருந்தாங்க. கூட்டிப் பாருங்க, 83 வரும், ஒரு இடம்கூட யாருக்கும் பொதுவா இல்ல. சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா ஹரிஜனுக்கும் பிற்படுத்தப்பட்டவங்களுக்கும் ஒதுக்கினது பிற்படுத்தப்பட்டவங்களுக்கு வேலையில இடம் ஒதுக்கலாம்ங்கற அரசமைப்பு 16(4)-படி செல்லும், மத்ததை எல்லாம் சாதி பாத்து பிரிச்சது செல்லாதுன்னு. என் கணக்குல இன்னைக்கு நாம பாக்குற ரோஸ்டரோட வடிவம் அங்கதான் பொறந்துச்சு: ஒதுக்கின புள்ளி (ரோஸ்டர்ல ஒவ்வொரு இடத்துக்கும் புள்ளின்னு பேரு) கொஞ்சம், யாரு வேணா வரலாம்ங்கற திறந்த புள்ளி கொஞ்சம்.

இப்ப தமிழ்நாட்டுல இருக்கறது 200 புள்ளி ரோஸ்டர். ஏன் 200, நூறு போதாதான்னு கேப்பீங்க. பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5 சதவீதம். நூறு நாற்காலியில மூணரை பேரை எப்படி உக்கார வைக்கறது? இருநூறுன்னா அரை எல்லாம் முழுசாயிடும். பொது 62, பிசி 53, பிசி முஸ்லிம் 7, எம்பிசி-சீர்மரபினர் 40, எஸ்சி 30, அருந்ததியர் 6, எஸ்டி 2. மொத்தம் 200. இதை மொத்தமா அள்ளிப் போடாம ஒண்ணுல இருந்து இருநூறு வரைக்கும் கலந்து கலந்து பரப்பி வச்சிருக்காங்க, 200 முடிஞ்சா திரும்ப 1-ல ஆரம்பிக்கும். அதனாலதான் சுழற்சி.

நான் ஒரு ஆபீஸ்ல எஸ்டாப்ளிஷ்மெண்ட் சீட்ல, அதாவது ஊழியர் நியமன ஃபைல் பாக்குற இடத்துல, இருந்தப்ப அந்த ரிஜிஸ்டரை கையில வச்சிருக்கேன். நீட்டு நோட்டு, ஓரம் கிழிஞ்சு காக்கி டேப் ஒட்டினது. இடது ஓரத்துல புள்ளி நம்பர், அடுத்து எந்தப் பிரிவு, அடுத்து பேரு, நியமன ஆணை நம்பர் தேதி, கடைசியில அதிகாரி இனிஷியல். கடைசியா நிரப்பின புள்ளிக்குக் கீழ சிவப்பு மையில ஒரு கோடு. அடுத்த வேலை எப்ப காலியானாலும் அந்த சிவப்புக் கோட்டுக்குக் கீழ என்ன எழுதியிருக்கோ அதுதான், கலெக்டரே வந்தாலும் அதுதான். எனக்கு முன்னாடி இருந்தவர் 47-ஆம் புள்ளியை ரெண்டு பேருக்கு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு, அதுக்கப்புறம் வந்த பன்னெண்டு எண்ட்ரியும் ஒவ்வொரு புள்ளி தள்ளி நிக்குது, அதைச் சரி பண்ண மூணு வாரம் பழைய ஆணை ஃபைல் எல்லாம் தூசி தட்டினோம். ஒரு எண் தப்பானா ஒருத்தரோட வேலை இன்னொருத்தருக்குப் போயிடும், அந்த நோட்டு மேல இருக்கற பயம் அன்னைக்குத்தான் எனக்கு வந்துச்சு.

வரிசை எவ்ளோ முக்கியம்னு புரியணும்னா 13 புள்ளி ரோஸ்டர் சண்டையைப் பாருங்க, பதிமூணு வேலை வரைக்கும் இருக்கற சின்ன யூனிட்டுக்குப் போடுற ரோஸ்டர் அது. மத்திய அரசுல ஓபிசிக்கு 27 சதவீதம். நூறை 27-ஆல வகுத்தா 3.7, அப்ப ஓபிசிக்கு முழுசா ஒரு இடம் சேர்றது 4-ஆவது புள்ளியில. எஸ்சி 15, வகுத்தா 6.67, அதனால 7-ஆவது. எஸ்டி 7.5, வகுத்தா 13.33, அதனால 14-ஆவது. முன்னாடி மத்தியப் பல்கலைக்கழகம் மொத்தத்தையும் ஒரு யூனிட்டா வச்சு 200 புள்ளி ரோஸ்டர் ஓட்டினாங்க. 2017-ல அலகாபாத் உயர்நீதிமன்றம் துறை துறையாத்தான் பாக்கணும்னு சொல்ல, 2018-ல பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் அப்படியே சுற்றறிக்கை விட்டுச்சு. ஒரு துறையில புரொஃபசர் வேலை மூணுதான் இருக்குன்னு வைங்க, 4-ஆவது புள்ளியே வராது, ஓபிசிக்கு எதுவும் இல்ல. ஆறு இருந்தா எஸ்சிக்கு இல்ல. பதிமூணே இருந்தாலும் எஸ்டிக்கு இல்ல. சட்டத்துல எந்த சதவீதத்தையும் யாரும் தொடல, ஆனா வேலை காணாமப் போச்சு! ஊரெல்லாம் போராட்டம் ஆகி 2019-ல அவசரச் சட்டம், அப்புறம் சட்டம் போட்டு திரும்ப பல்கலைக்கழகமே யூனிட்னு மாத்தினாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. அரசு ஆணை, விளம்பரம் எல்லாத்துலயும் "இனசுழற்சி"ன்னு வரும். முதல்ல ஒரு சின்ன திருத்தம், நடுவுல ச் வரணும், இனச்சுழற்சி. ஒற்று போடாம எழுதி எழுதி அதுவே பழகிப் போச்சு. கம்யூனல் ரோட்டேஷன்ங்கறதோட மொழிபெயர்ப்பு இது. அந்தக் காலத்துல கம்யூனலுக்கு "வகுப்புவாரி"ன்னு சொன்னாங்க, வகுப்புவாரி பிரதிநிதித்துவம், வகுப்புரிமை. வகுப்பு தமிழ், வகுத்தது. வாரி வடக்கே இருந்து வந்தது, ரயத்துவாரியில இருக்கற அதே வாரி. அப்புறம் வகுப்புவாதம், வகுப்புக் கலவரம்னு பேப்பர்ல வர ஆரம்பிச்சதும் வகுப்புங்கற சொல்லு கெட்டுப் போச்சு, ஸ்கூல் வகுப்பு மட்டும் தப்பிச்சுது. அந்த இடத்துலதான் இனம் வந்து உக்காந்திருக்கணும்னு எனக்குத் தோணுது. மோசமில்ல, இனம்னா ஒரே வகையைச் சேந்தவங்க, இலக்கணத்துல இனவெழுத்துன்னு சொல்றோமே அது மாதிரி.

எனக்கு குறை சுழற்சி மேலதான். சுழற்சின்னா சக்கரம் சுத்துது, சரி, ஆனா யாரோட தடவைன்னு அந்தச் சொல்லுல இல்லவே இல்ல. அதுக்கு நம்மகிட்ட அருமையான சொல்லு ஒண்ணு காலங்காலமா இருக்கு: முறை. ஒண்டுக்குடித்தன வீட்டுல இருந்தவங்களுக்கு முறைவாசல் தெரியும், இன்னைக்கு நீங்க பெருக்கி கோலம் போடணும், நாளைக்கு அடுத்த போர்ஷன். டெல்டாவுல தண்ணி கம்மியானா முறைப்பாசனம். கோயில் குருக்கள் வீட்டுல "இந்த மாசம் எங்க முறை"ம்பாங்க. டர்ன்ங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்? அதனால ஒரு புள்ளியை முறைன்னும், முழு ரோஸ்டரை முறைவரிசைன்னும் சொல்லலாம்ங்கறது என் கட்சி. முறைப்பட்டியல்னும் சொல்லிப் பாத்தேன், ஆனா பட்டியல் சாதி, பட்டியலினத்தவர்னு அந்தச் சொல்லுக்கு இதே இடத்துல வேற வேலை இருக்கு, குழப்பும்.

முறைங்கற சொல்லை விட்டதால ஒரு பெரிய தப்பும் நடந்திருக்கு. ரோஸ்டர்ல ஜிடின்னு வரும், ஜெனரல் டர்ன். தமிழ்ல அது "பொதுப்பிரிவு" ஆயிடுச்சு. டர்ன் போயி பிரிவு வந்துச்சு பாருங்க, அதுல இருந்து ஆரம்பிச்சுது வினை. பொதுப்பிரிவுன்னா அது ஏதோ இன்னொரு சாதிக் கும்பல் மாதிரி, பிசியும் எஸ்சியும் அங்க போகக் கூடாத மாதிரி ஜனங்க நெனச்சுக்கறாங்க. ஓசிக்கும் இதே கதி, ஓப்பன் காம்பெடிஷன்ங்கறதை அதர் கம்யூனிட்டின்னு விரிச்சுப் படிக்கறவங்க எத்தனையோ பேரு. உண்மையில அந்த 62 புள்ளியும் எல்லாருக்கும், மார்க் இருந்தா எஸ்டி பொண்ணும் அதுல வரலாம், வந்தா அவ எஸ்டி கணக்குல கழியக் கூடாது. "பொதுமுறை"ன்னு எழுதியிருந்தா இந்தக் குழப்பம் பாதி வந்திருக்காது.

கூட வர்ற ரெண்டு மூணு சொல்லையும் சொல்லிடறேன். ஒரு முறை வந்து அதுக்குத் தகுதியான எஸ்சி, எஸ்டி ஆள் கிடைக்கலன்னா அந்தப் புள்ளி செத்துப் போகாது, "குறைவுப் பணியிடம்"னு எடுத்து வச்சு அடுத்த தடவை அறிவிப்பாங்க. நல்ல சொல்லு இது, பேக்லாக்னு சொல்லவே வேண்டாம். அருந்ததியர் புள்ளிக்கு ஆள் இல்லன்னா மத்த எஸ்சிக்குப் போகும். பெண்களுக்கான ஒதுக்கீடு வேற மாதிரி, அது எல்லாப் பிரிவுக்கு உள்ளயும் குறுக்கால ஓடும், அந்தப் புள்ளிக்குப் பெண் கிடைக்கலன்னா அதே பிரிவு ஆணுக்குப் போயிடும், எடுத்து வைக்கறதெல்லாம் கெடையாது. இதை நெடுக்கு ஒதுக்கீடு, குறுக்கு ஒதுக்கீடுன்னு சொன்னா நெசவு தெரிஞ்ச ஊருல உடனே புரியும், நம்ம ஆளுங்க செங்குத்து கிடைமட்டம்னு ஜியாமெட்ரி பாக்ஸைத் தூக்கிட்டு வர்றாங்க.

ரோஸ்டர்ல முன்னாடி வந்தா சீனியாரிட்டியும் முன்னாடியான்னு கேட்டா, இல்ல. 2016-ல தமிழ்நாட்டுல அப்படி ஒரு சட்டம் போட்டாங்க, 2019-ல சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. முறைவரிசை ஆளை உள்ள கொண்டு வர்றதுக்கு மட்டும்தான், உள்ள வந்தப்புறம் மார்க் வரிசை.

இவ்ளோவும் தங்கச்சிக்கு மூணு வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். 26.5 பர்சென்ட்டுன்னா இருநூறுல 53 முறை உங்களுது, இந்த மையத்துக்கு வந்த புள்ளி அந்த அம்பத்து மூணுல இல்ல, அடுத்த காலியிடம் உங்களுதாக்கூட இருக்கலாம், கடைசியா நிரப்பின புள்ளி எது அடுத்த முறை யாருதுன்னு ஆர்டிஐ போட்டுக் கேளு, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும்னேன். ரொம்ப நேரம் பதிலே இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வருது: "கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்கண்ணே கிடைக்கும்?"