அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வா: மொழி வகுப்பில் ஊடக எழுத்தறிவு

கையில் இருக்கும் பாடத்தை விட்டு விலகாமல் வாசிப்பதுதான் மொழி வகுப்பு பிள்ளைகளுக்குப் பழக்கும் முதல் வேலை. பத்தியை இரண்டாம் முறை படி, எழுதியவரின் தொனியைக் கவனி, கருத்துக்கான சான்று எந்த வரியில் இருக்கிறது என்று அடிக்கோடிடு. கதைக்கும் கட்டுரைக்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஓர் இணையதளத்தில் இதே பழக்கம் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். அங்கே இலச்சினை முதல் 'எங்களைப் பற்றி' பக்கம் வரை கண்ணில் படும் எல்லாவற்றையும் தளத்தை நடத்துபவரே எழுதி வைத்திருக்கிறார். அவரைப் பற்றி அவரிடமே விசாரித்தால் நல்லதாகத்தானே சொல்வார்?

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் 6 முதல் 8 வரையிலான நடுநிலை வகுப்புகளின் ஆங்கில மொழிப் பாடத்தில் வந்து நிற்கிறது. 2010இல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 'காமன் கோர்' பாடத்தரங்கள், ஒரு கட்டுரையின் வாதம் சரியா, அதற்குத் தரும் சான்று போதுமா, பொருத்தமானதா என்று 7ஆம் வகுப்பு மாணவர் சோதிக்க வேண்டும் என்கின்றன. அச்சிலும் இணையத்திலும் எடுக்கும் தகவல்களின் நம்பகத்தன்மையை எடைபோடுவதும் எழுத்துப் பயிற்சியின் பகுதி. நியூ ஜெர்சி 2023 ஜனவரியில் எல்லா வகுப்புகளுக்கும் தகவல் எழுத்தறிவை, அதாவது தகவலைத் தேடி எடைபோடும் திறனை, சட்டப்படி கட்டாயமாக்கியது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவும் மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் பாடங்களுக்குள் ஊடக எழுத்தறிவைச் சேர்க்கச் சட்டம் இயற்றியது. தனிப் பாடவேளை இல்லாததால், அன்றாட வகுப்பில் வேலையின் பெரும்பங்கு மொழி ஆசிரியர் தலையில்தான் விழுகிறது.

பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை 2016இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு வெளியிட்ட ஆய்வு காட்டியது. 'ஸ்லேட்' இதழின் முகப்புப் பக்கத்தை 203 நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்து, எது செய்தி, எது விளம்பரம் என்று கேட்டார்கள். விலையும் சலுகையும் போட்ட வழக்கமான விளம்பரத்தைப் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டார்கள். 'ஸ்பான்சர்ட் கன்டென்ட்' என்ற குறிப்போடு, செய்திக் கட்டுரையைப் போலவே தலைப்பும் படமும் போட்டிருந்த விளம்பரத்தை 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உண்மைச் செய்தி என்றார்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தும் அப்படிச் சொன்ன மாணவர்கள் உண்டு. காசு கொடுத்து எழுதவைத்தது என்ற பொருள் அவர்களுக்கு எட்டவில்லை. ஆக, சிக்கலின் ஒரு பகுதி சொல்வளம். 'கூட்டாளர் பதிவு', 'தலையங்கம்', 'கருத்து', 'செய்தி நிறுவனத் தகவல்' போன்ற அடையாளக் குறிப்புகளை ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்து பிரித்துக் காட்டுவது மொழி ஆசிரியருக்குக் கைவந்த வேலை. அங்கிருந்து தொடங்குவது நல்லது.

அடுத்த பகுதி கடினமானது. அதே குழுவின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரை ஒப்பிட்டார்கள்: வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் இளநிலை மாணவர்கள் 25 பேர். ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட தேசிய அமைப்பு. மற்றது 2002இல் அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவையே தேர்ந்தெடுத்தார்கள். அறிஞர்களில் பாதிப்பேர்தான் பெரிய அமைப்பைச் சரியாகச் சொன்னார்கள். சரிபார்ப்பாளர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள்.

சரிபார்ப்பாளர்களின் பொது அறிவு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இப்படி நடக்கவில்லை. அறிஞர்களும் மாணவர்களும் தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாக வாசித்தார்கள். கட்டுரையின் நேர்த்தி, மேற்கோள் பட்டியல், '.ஆர்க்' (.org) என்று முடியும் முகவரி எல்லாம் அவர்களுக்கு நம்பிக்கை தந்தன. சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். புதிய டேப்களைத் திறந்து, அந்த அமைப்பின் பெயரைத் தேடி, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிறகுதான் தளத்துக்குத் திரும்பினார்கள். டேப்கள் திரையில் பக்கம் பக்கமாக விரிவதால் இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். இது ஏன் வேலை செய்கிறது? தன் தளத்தின் தோற்றத்தை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் மெருகேற்றலாம். தனக்குச் சம்பந்தமில்லாத பத்து இடங்களில் தன்னைப் பற்றி எழுதியிருப்பதை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. '.ஆர்க்' முகவரியையோ ஆண்டுக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இதை 50 நிமிடத்தில் நடத்தும் முறைக்கு வருவோம். பொருளாக எடுக்க ஏற்றது, புயல் வெள்ளத்தில் மூழ்கிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு அருகே சுறா நீந்தும் படம். 2011இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிகோவில் எடுத்ததாகப் பரவிய இது, 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் என்ற பெயரில் மறுபடி வந்தது. சுறா மட்டும் உண்மை: தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு கயாக் படகின் பின்னால் வந்த வெள்ளைச் சுறாவைத் தாமஸ் பெஷாக் எடுத்த, 2005இல் இதழில் வெளியான புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டியது.

முதல் 5 நிமிடம், படத்தைக் காட்டி ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும்: நம்புகிறாயா, ஏன்? வாய்விட்டுப் பேச விடக்கூடாது. ஒருவர் 'போலி' என்றால் வகுப்பே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அடுத்த 12 நிமிடம் ஆசிரியர் திரையில் தானே தேடிக் காட்ட வேண்டும், மனதில் ஓடுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே. 'படத்தைப் பெரிதாக்கி ஆராயப் போவதில்லை. இது வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பார்க்கிறேன்' என்று தொடங்கி, கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ என்ற படத் தேடல் கருவி வழியாகப் படத்தைத் தேடலாம். டின்ஐயில் முடிவுகளைப் பழையது முதலில் வரும்படி அடுக்க முடியும். ஒரே படம் வெவ்வேறு ஊர்ப் பெயர்களோடு வரிசையாக வருவதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கும்போது மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. இந்தச் செய்துகாட்டலைச் சுருக்கிவிட்டு 'நீங்களே தேடுங்கள்' என்று விடுவது பல வகுப்புகளில் நடக்கும் தவறு. தேடல் முடிவுகளின் பட்டியலில் எதைத் திறக்காமல் தள்ளுகிறோம், ஏன் தள்ளுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. சொன்னால்தான் தெரியும்.

பிறகு 20 நிமிடம் இருவருக்கு ஒரு கணினி. ஆளுக்கொரு கணினி கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். மூவர் சேர்ந்தால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். இப்போது கொடுக்க வேண்டியது இன்னொரு சுறா. 2022இல் இயன் புயலின்போது ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் வெள்ளம் புகுந்த வீட்டுத் தோட்டத்தில் சுறா போன்ற மீன் நீந்தும் காணொளி பரவியது. ஏபி செய்தி நிறுவனம் அதன் மூலக் கோப்பின் விவரங்களைப் பார்த்து, காணொளி உண்மையானது என்று உறுதிசெய்தது. மீனின் இனத்தைப் பற்றி மட்டும் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 'வெள்ளத்தில் சுறாவா, போலிதான்' என்று பாய்ந்து எழுதிய மாணவருக்கு இந்த இரண்டாவது சுறாதான் உண்மையான பாடம். ஒவ்வொரு ஜோடியும் மூன்று கேள்விகளுக்கு எழுதட்டும்: இதைச் சொல்வது யார்? சான்று என்ன? மற்ற இடங்களில் என்ன சொல்கிறார்கள்? கடைசி 13 நிமிடத்தில் 10 நிமிடம் பொது விவாதம், 3 நிமிடம் வெளியேறும் சீட்டு: வகுப்பை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொருவரும் தன் முடிவையும் காரணத்தையும் எழுதிக் கொடுக்கும் சிறு தாள்.

ஆயத்தத்தில் கோட்டைவிட்டால் இவ்வளவும் வீண். முந்தைய நாள் பள்ளியின் இணைய இணைப்பிலிருந்தே எல்லாத் தேடலையும் செய்து பார்க்க வேண்டும். வீட்டில் திறக்கும் படத் தளங்களும் சமூக ஊடகப் பக்கங்களும் பள்ளி வடிகட்டியில் சிக்கும். 6ஆம் வகுப்பில் பலருக்கு 11, 12 வயதுதான், இணையக் கணக்கு தொடங்க வயது போதாது என்பதால் கணக்கு தொடங்கச் சொல்லும் கருவிகளைத் தொடக்கூடாது. முக்கியமான தேடல் முடிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சிட்டு வைத்தால், இணைப்பு அறுந்த நாளிலும் வகுப்பு நடக்கும்.

இந்தப் பாடத்தைக் கெடுக்கும் வேறு சில பழக்கங்களும் உண்டு. முதலாவது, சரிபார்ப்புப் பட்டியல். தேதி புதியதா, ஆசிரியர் பெயர் உண்டா, தொடர்பு முகவரி உண்டா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று டிக் அடிக்கும் தாள்கள் நூலகங்கள் வழியே பல ஆண்டுகளாகப் புழங்குகின்றன. பசிபிக் வடமேற்கின் மழைக்காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றி 1998இல் விளையாட்டாக உருவான தளம், படம், வாழிடம், பாதுகாப்பு முயற்சி எல்லாவற்றோடும் இன்றும் இருக்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லூவின் குழு அதை 7ஆம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது பெரும்பாலோர் நம்பினார்கள். பட்டியலில் உள்ள கேள்விகள் எல்லாம் பக்கத்துக்குள்ளேயே பதில் கிடைப்பவை. ஏமாற்றுபவரும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் பக்கத்தை அமைக்கிறார்.

இரண்டாவது, எல்லா எடுத்துக்காட்டும் பொய்யாக இருப்பது. பத்துப் பொய்களைக் காட்டி முடித்தால், மாணவர் கற்றுக்கொள்வது 'எதையும் நம்பாதே' என்ற ஒன்றைத்தான். பொய்யை நம்புவதைப் போலவே இதுவும் ஆபத்து. மருத்துவரின் சரியான எச்சரிக்கையும் அதே குப்பையில் போகும். ஃபேஸ்புக் வெளியிட்ட போலிச் செய்தி அறியும் குறிப்புகளை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் சோதித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், அமெரிக்கர்களிடமும் இந்தியாவின் படித்த இணையப் பயனர்களிடமும் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவது மேம்பட்டது. கூடவே உண்மைச் செய்தியின் மீதான நம்பிக்கையும் கொஞ்சம் குறைந்தது. ஆகவே பாதிக்குப் பாதி உண்மை எடுத்துக்காட்டுகள் வேண்டும். பொய்க் கூற்றைத் திரும்பத் திரும்பப் பலகையில் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். அடிக்கடி கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும் என்று 1977 முதல் உளவியல் சோதனைகள் காட்டிவருகின்றன. முதலில் உண்மையைச் சொல்லி, நடுவில் ஒரே ஒரு முறை பொய்யைக் காட்டி, மீண்டும் உண்மையில் முடிப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது, பொருள் தேர்வு. வீட்டில் சாப்பாட்டு மேசையில் சண்டை மூளும் அரசியல் செய்தியை முதல் வாரத்திலேயே எடுத்தால், மாணவர் தேடும் முறையை மறந்துவிட்டு அப்பா அம்மாவின் தரப்பைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். மேலே சொன்ன மருத்துவர் அமைப்புகளின் பிளவும் அப்படிப்பட்டதே. கல்லூரிக்குப் பொருந்தும், 12 வயதுக்குப் பொருந்தாது. விலங்கு, வானிலை, உணவு, விளையாட்டு ஆகியவற்றில் தொடங்கி, கை பழகிய பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இரண்டு மாற்றங்கள் தேவை. தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் தொகுப்புரையோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அதன் கீழே இருக்கும் இணைப்புகளில் குறைந்தது இரண்டைத் திறந்து, தொகுப்புரை சொன்னது அங்கே உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்கவைக்க வேண்டும். புதிதாக உருவாக்கிய படத்துக்குப் பழைய மூலம் இருக்காது என்பதால், படத் தேடல் வெறுங்கையோடு திரும்பலாம். அப்போது 'இந்த நிகழ்வை வேறு யார் பதிவுசெய்தார்கள்?' என்று கேட்கப் பழக்க வேண்டும். படத்தில் இருப்பவரின் விரல்கள் கூடுதலா குறைவா என்று எண்ணிச் செயற்கைப் படத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் உத்தி, மென்பொருள் மேம்பட மேம்படச் செத்துப்போகும். அதில் பாடவேளையைச் செலவிட வேண்டாம்.

மூலம் யார் என்று தெரிந்தபின்தான் மொழி ஆசிரியரின் பழைய கருவிகள் முழு வலிமையோடு திரும்புகின்றன. தலைப்பு 'புற்றுநோயை உண்டாக்கும்' என்கிறது, நான்காவது பத்தி 'தொடர்பு இருக்கலாம்' என்கிறது. எலிகளிடம் செய்த சோதனை, மனிதர்களைப் பற்றிய வாக்கியமாக மாறியிருக்கிறது. 'நிபுணர்கள் கூறுகின்றனர்' என்ற வரிக்குக் கீழே ஒரு நிபுணரின் பெயரும் இல்லை. 'தவறுகள் இழைக்கப்பட்டன' என்ற செயப்பாட்டு வினை, இழைத்தவரை விழுங்கிவிட்டது. ஒரே நிகழ்வைப் பற்றிய இரண்டு நாளிதழ்ச் செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வினைச்சொற்களை மட்டும் வட்டமிடச் சொன்னால் 7ஆம் வகுப்பு மாணவர் அரை மணி நேரம் அசையாமல் வேலை செய்வார். இந்தத் திறமை வேறு எந்தப் பாடத்திலும் கிடைக்காது. அதனால்தான் ஊடக எழுத்தறிவைக் கணினி ஆசிரியரிடம் தள்ளிவிடக் கூடாது.

ஒரே ஒரு சிறப்பு வகுப்பு நடத்திவிட்டு நிறுத்துவது பயன் தராது. வைன்பர்க் குழு உயர்நிலைப் பள்ளிகளில் 499 மாணவர்களிடம் நடத்திய கள ஆய்வில், 50 நிமிட வகுப்புகள் ஆறு நடந்தன. கற்றவர்கள் கல்லாதவர்களைவிட முன்னேறினார்கள். பீகாரில் 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500க்கும் மேற்பட்ட பதின்வயதினரிடம் நடந்த ஆய்வில், வாரக்கணக்கில் நேரில் நடத்திய தொடர் வகுப்புகளின் பலன் நான்கு மாதங்களுக்குப் பிறகும் தெரிந்தது. ஃபேஸ்புக் குறிப்புகளைக் காட்டிவிட்டுப் போன 2020 ஆய்விலோ வட இந்தியக் கிராமப்புறங்களில் பலன் தெரியவில்லை.

மதிப்பெண்ணை 'உண்மை', 'பொய்' என்ற விடைக்குக் கொடுத்தால் பாதி மாணவர்கள் குருட்டாம்போக்கில் சரியாகிவிடுவார்கள். வெளியேறும் சீட்டில் பார்க்க வேண்டியது வழியை. பக்கத்தின் தோற்றத்தை மட்டும் காரணமாக எழுதியிருந்தால் தொடக்க நிலை. வெளியே தேடியிருக்கிறார், ஆனால் கண்டது எப்படிச் சான்றாகும் என்று விளக்கவில்லை என்றால் வளரும் நிலை. எங்கே தேடினார், யார் சொன்னதை ஏற்றார், ஏன் ஏற்றார் என மூன்றையும் இரண்டு வாக்கியங்களில் எழுதியிருந்தால் தேர்ச்சி. விடை தவறாக இருந்தாலும் வழி சரியென்றால் முக்கால் மதிப்பெண் தரலாம். ஆறு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், ஒரு புதிய விளம்பரக் கட்டுரையைக் கொடுத்து அதே சீட்டை மறுபடி எழுதவைத்து, பழையதோடு பின் அடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.